‘கேட் போட்டாச்சா?’: வடசென்னையில் ஒரு ரயில்வே கேட் நேரலைப் பக்கம், நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர், தண்டையார்பேட்டை பக்கம் குடியிருப்பவர்களிடம் ரயில்வே கேட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டி லோக்கல், கூடூர் வழியாக வடக்கே போகும் எக்ஸ்பிரஸ், துறைமுகத்துக்கும் யார்டுக்கும் போய்வரும் கூட்ஸ் என்று எல்லாமே இந்தப் பக்கத்துத் தண்டவாளங்களில்தான் ஓடுகின்றன. லோக்கலுக்குக் கேட் போட்டால் ஐந்து நிமிடத்தில் தூக்கிவிடுவார்கள். கூட்ஸ் வந்து, முன்னால் சிக்னல் கிடைக்காமல் பாதியில் நின்றுவிட்டால் அரை மணி நேரம் போய்விடும். அதற்குள் ரோட்டில் கன்டெய்னர் டிரெய்லர், ஷேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி, ஸ்கூல் வேன் என்று வரிசை கட்டிவிடும்.

கொடுங்கையூரிலிருந்து ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போகிறவருக்கு இரண்டு வழி. கேட்டைக் கடந்து நேராகப் போகலாம். இல்லையென்றால் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையில் வியாசர்பாடி வந்து, பேசின் பிரிட்ஜ், மூலக்கொத்தளம் வழியாகச் சுற்றலாம். எந்த வழி என்று முடிவு செய்யவேண்டிய இடத்தில் நின்று பார்த்தால் கேட் தெரியாது. கேட் தெரிகிற இடத்துக்கு வந்துவிட்டால் பின்னால் லாரி வந்து நின்றிருக்கும், வண்டியைத் திருப்ப முடியாது.

2023 மார்ச்சில் நாங்கள் நாலு பேர், எல்லோரும் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள், இதற்காக ஒரு வலைப்பக்கம் செய்வது என்று முடிவெடுத்தோம். அதில் ஒரே கேள்விக்குத்தான் பதில்: இப்போது கேட் போட்டிருக்கிறதா, இல்லையா? அந்தப் பக்கம் எங்கே சரியாக நடந்தது, எங்கே ஒரு குழந்தையின் உயிரோடு விளையாடும் அளவுக்குத் தவறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களும் எந்தக் கேட் என்பதும் தேவையில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

தகவல் எங்கிருந்து கிடைக்கும்?

முதலில் ரயில் நேரத்தை வைத்துக் கணித்துவிடலாம் என்று நினைத்தோம். பயணிகள் ரயில் எங்கே வருகிறது என்பதை ரயில்வேயின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கூட்ஸ் ரயில் அதில் வராது. நீண்ட நேரம் கேட் போடுவதோ பெரும்பாலும் கூட்ஸுக்குத்தான். எங்களில் ஒருவர் பழைய பதிவுகளை வைத்துக் கணினிக்குப் ‘பயிற்சி கொடுத்து’ கணிக்கலாம் என்றார். பயிற்சி கொடுக்கப் பதிவு வேண்டுமே! அது யாரிடமும் இல்லை.

கேட்கீப்பரிடமே கேட்கலாம் என்ற யோசனையும் வந்தது. இதை உடனே கைவிட்டோம். சிக்னலோடு பிணைத்து இன்டர்லாக் செய்த கேட்டில், கேட் முழுசாக இறங்கிப் பூட்டிய பிறகுதான் ரயிலுக்குச் சிக்னல் கிடைக்கும். கடைசி நொடியில் பைக்கை உள்ளே விடுபவர்களைச் சமாளித்துக்கொண்டு அதைச் செய்து முடிக்கிற ஆளின் கையில் எங்கள் பக்கத்துக்காக ஒரு போனைக் கொடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

கேமரா வைப்பதையும் யோசித்துப் பார்த்தோம். அது கேட்டோடு சேர்த்துப் போகிற வருகிறவர்களின் முகம், வண்டி நம்பர் எல்லாவற்றையும் பிடிக்கும். ரயில்வே இடத்தை நாள் முழுக்கப் படம் எடுத்து இணையத்தில் விட எங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டால் பதில் இல்லை. அதனால் வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் மனிதர்களையே நம்பினோம். கேட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், எதிர்ப்புறம் இட்லிக் கடை நடத்தும் ஓர் அக்கா, இரண்டாவது மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். இவர்கள் மூன்று பேரின் போனிலும் இரண்டு பொத்தான் உள்ள ஒரு பக்கத்தைப் போட்டுக் கொடுத்தோம்.

முதல் வடிவம்: ஏப்ரல் முதல் ஜூன் வரை

முதல் வடிவத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் இலவச இணைய வரைபடம்) ஒன்றைப் பெரிதாக வைத்து, கேட் இருக்கும் இடத்தில் சிவப்பு அல்லது பச்சைப் புள்ளி காட்டினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சாதாரண போனில், சிக்னல் குறைவான இடத்தில், வரைபடம் இறங்குவதற்குள் ஆட்டோ கேட்டுக்கே வந்துவிடும். ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒருவர் பார்த்துவிட்டு, “கேட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாப்பா?” என்றார். வரைபடத்தை எடுத்துவிட்டோம்.

பொத்தானில் எழுதியிருந்த வார்த்தைகளும் மாறின. ‘மூடப்பட்டுள்ளது’, ‘திறந்துள்ளது’ என்று நாங்கள் எழுதியிருந்தோம். இட்லிக் கடை அக்கா ஒவ்வொரு தடவையும் படித்துப் பார்த்துத்தான் அழுத்தினார். இங்கே யாரும் கேட்டை மூடுவதில்லை, போடுவார்கள். திறப்பதும் இல்லை, தூக்குவார்கள். ‘போட்டாச்சு’, ‘தூக்கியாச்சு’ என்று மாற்றியதும் பார்க்காமலே அழுத்த ஆரம்பித்தார்.

ஒரு பிழையைச் சொல்லாமல் விட முடியாது. முதல் வாரம் பக்கத்தைத் திறந்த எல்லோருக்கும் ‘5 மணி 32 நிமிடத்துக்கு முன்’ என்பதுபோலத்தான் காட்டியது. அக்கா அப்போதுதான் அழுத்தியிருப்பார். எங்கள் சர்வர் கிரீன்விச் கணக்கில் நேரத்தை எழுதியது. அது எந்த ஊர் நேரம் என்ற குறிப்பு இல்லாமல் அனுப்பியது. போன் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே ஐந்தரை மணி நேரம். திருத்துவதற்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. அதற்குள் ‘இது வேலைக்கு ஆவாது’ என்று விட்டவர்களைத் திரும்பக் கொண்டுவர ஒரு மாதம் ஆனது.

மே மாதம், பொதுமக்களும் தகவல் தரட்டும் என்று பொத்தான்களை எல்லோருக்கும் திறந்துவிட்டோம். இரண்டே நாளில் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். கேட் போட்டிருக்கும்போது ‘தூக்கியாச்சு’ என்று அழுத்துவது, வண்டிகள் வேகமாக வந்து நிற்பதைப் பார்த்துச் சிரிப்பது. அந்த வயதில் எங்களிடம் இப்படி ஒரு பொத்தான் இருந்திருந்தால் நாங்களும் இதைத்தான் செய்திருப்போம். ஜூனில் மறுபடி மூன்று பேருக்கு மட்டும் என்று மாற்றினோம். பொதுமக்களுக்கு ‘இது தப்பு’ என்ற ஒரே பொத்தான்; வெவ்வேறு போனிலிருந்து இரண்டு பேர் அதை அழுத்தினால் பக்கம் எதையும் சொல்லாமல் ‘தெரியவில்லை’ என்று மாறும். பொய்யாக ‘தூக்கியாச்சு’ என்று காட்ட வைக்க யாராலும் முடியாது. அதிகபட்சம் எங்கள் வாயை அடைக்கலாம், அவ்வளவுதான்.

ஆகஸ்ட்: அந்த இரவு

ஆகஸ்டில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மேல், கொடுங்கையூர் பக்கத்திலிருந்து ஒருவர் தன் ஆறு வயது மகனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்டான்லிக்குக் கிளம்பினார். பையனுக்கு வீசிங். இரண்டு வழியும் பிரிகிற இடத்தில் ஆட்டோக்காரர் எங்கள் பக்கத்தைப் பார்த்தார். பச்சை நிறத்தில் ‘தூக்கியாச்சு’ என்று இருந்தது. நேராக வந்தார்.

கேட் போட்டு ஏற்கெனவே ஏழெட்டு நிமிடம் ஆகியிருந்தது. முன்னால் நாற்பது ஐம்பது வண்டி. பின்னால் ஒரு டிரெய்லர் வந்து அடைத்துக்கொண்டது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, அந்தத் தகப்பன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். கேட்டுக்கு அடியில் குனிந்து, தண்டவாளங்களைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் வேறு ஆட்டோ பிடித்தார். அப்போதுவரை ரயில் வந்திருக்கவில்லை. சில நிமிடம் கழித்துத்தான் கூட்ஸ் வந்தது.

பையன் மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டான். எங்களுக்கு விஷயம் தெரிந்தது மூன்று நாள் கழித்து, இட்லிக் கடை அக்கா மூலமாக. அந்தத் தகப்பன் கடைக்கு வந்து, சத்தம் எதுவும் போடாமல், “அக்கா, நீங்கதான அதுல போடுறீங்க?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அன்றைக்கே பொத்தான் அழுத்துவதை நிறுத்திவிட்டார். நாங்கள் நேரில் போய்ப் பேசியபோது, “என் மேல பழி வேணாம்பா” என்றார். பழி எங்கள் மேல்தான் என்று சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்காவிடம் பேசிவிட்டு வந்த அன்றிரவே பக்கத்தை நிறுத்தினோம்.

பெரியவரின் நோட்டு

அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோது உதவியது பால்கனிப் பெரியவரின் நோட்டு. அவர் பொத்தானையும் அழுத்துவார், கூடவே தன் திருப்திக்காக ஒரு நாற்பது பக்க நோட்டிலும் எழுதி வைப்பார். ஸ்கேல் வைத்துப் போட்ட நாலு கட்டம்: போட்ட நேரம், தூக்கிய நேரம், லோக்கலா கூட்ஸா, நாலாவது கட்டத்தில் குறிப்பு. குறிப்பில் ‘இன்ஜின் மட்டும்’, ‘பைக் மாட்டிக்கொண்டது’, ‘மழை’ என்றெல்லாம் இருக்கும். கடைசி மூன்று வாரங்களில் மூட்டு வலியால் அவர் போனைத் தொடவே இல்லை. நோட்டில் மட்டும் ஒரு நாளும் விடவில்லை, தூங்கும் நேரம் தவிர.

அந்த நோட்டையும் எங்கள் சர்வர் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பார்த்தோம். ஒரு விஷயம் கண்ணில் அடித்தது. கேட் தூக்கியதைக் கடைக்காரர்கள் கிட்டத்தட்ட உடனே அழுத்தியிருந்தார்கள். போட்டதைத்தான் தாமதமாக அழுத்தியிருந்தார்கள், சில சமயம் அழுத்தவே இல்லை.

காரணம் பஞ்சர் கடையில் அரை மணி நேரம் நின்றபோதே புரிந்தது. கேட் போட்டதும் வண்டிகள் கடைக்கு நேரே வந்து நிற்கின்றன. “அண்ணே, ஒரு காத்து அடிச்சு விடுங்க” என்று ஒருவர், செயினில் கிரீஸ் கேட்டு இன்னொருவர். எதிரே அக்காவின் கடையிலும் அப்படித்தான், வண்டியில் உட்கார்ந்தபடியே பார்சல் கேட்பார்கள். கேட் போட்டிருக்கும் நேரம்தான் இரண்டு பேருக்கும் வியாபார நேரம். கேட் தூக்கியதும் எல்லோரும் போய்விடுவார்கள், கை ஓய்ந்துவிடும், போனை எடுத்து அழுத்துவார்கள்.

ஆக எங்கள் வலைப்பக்கம் இரண்டு விதத்திலும் சமமாகத் தப்புப் பண்ணவில்லை. கேட் போட்டிருக்கும்போது தூக்கியதாகச் சொல்வதுதான் அதன் வழக்கமான தப்பாக இருந்தது. தூக்கியிருக்கும்போது போட்டதாகச் சொன்னால் ஒருவர் பத்து நிமிடம் சுற்றிப் போவார், அதோடு சரி. இது அப்படிப்பட்டது இல்லை. வேலையைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தக் கடையில் ஒரு தடவையாவது நின்று பார்த்திருந்தால் ஏப்ரலிலேயே தெரிந்திருக்கும். ஏப்ரலில் நாங்கள் புள்ளிக்கு எந்தச் சிவப்பு என்று விவாதித்துக்கொண்டிருந்தோம்.

செப்டம்பரில் செய்த மாற்றங்கள்

முதல் முடிவு: தகவலுக்கு ஆயுசு வைப்பது. அதுவரை யாராவது அடுத்த பொத்தானை அழுத்தும்வரை பழைய பதில் அப்படியே நின்றது. இனி ‘தூக்கியாச்சு’ ஆறு நிமிடம்தான் நிற்கும், ‘போட்டாச்சு’ பதினைந்து நிமிடம். அதற்குமேல் பக்கம் ‘தெரியவில்லை’ என்று மாறும். ஆறு என்ற எண் நோட்டிலிருந்து வந்தது. கேட் தூக்கி அடுத்துப் போடும்வரை பெரியவர் எழுதியிருந்த மிகச் சிறிய இடைவெளிகள் அந்த அளவில் இருந்தன. பச்சைக்குக் குறைந்த ஆயுசு, சிவப்புக்கு அதிக ஆயுசு என்பது எங்களுக்குள் பெரிய சண்டையாகிப் போனது. “பாதி நேரம் தெரியாது தெரியாதுன்னே சொன்னா எவன் பாப்பான்?” என்றார் ஒருவர். அவர் கேட்டதும் நியாயம்தான். ஆனாலும் அந்தத் தகப்பன் அன்றைக்குத் ‘தெரியவில்லை’ என்று பார்த்திருந்தால் சுற்றிப் போயிருப்பார் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை.

இரண்டாவது, நிறத்தைவிட நேரத்தைப் பெரிதாகக் காட்டுவது. ‘2 நிமிடம் முன்’ என்பது மேலே பெரிய எழுத்தில், நிலை அதற்குக் கீழே.

மூன்றாவது கொஞ்சம் தொழில்நுட்பம் சம்பந்தப்பட்டது, இதே மாதிரிப் பக்கம் செய்பவர்களுக்கு உதவும். ஆட்டோக்காரர்கள் பக்கத்தைக் காலையில் ஒருமுறை திறந்துவிட்டு மூடுவதே இல்லை. போன் பிரவுசர், பின்னால் கிடக்கும் பக்கத்தின் கடிகாரத்தைப் பாட்டரி மிச்சம் பிடிப்பதற்காக மெதுவாக்கிவிடும், அல்லது உறைய வைத்துவிடும். நாங்கள் முப்பது விநாடிக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டிருப்பதாக நினைத்தது திரையில் முன்னால் இருக்கும் பக்கத்துக்கு மட்டும்தான் உண்மை. சாயங்காலம் போனைத் திறந்தால், மதியம் பார்த்த பச்சை ஒரு கணம் அப்படியே தெரியும். ஓட்டுபவருக்கு அந்த ஒரு கணப் பார்வைதான் எல்லாமே. இப்போது பக்கம் மறையும் சமயத்திலேயே நிலையை அழித்துவிடுகிறோம். திரும்ப வந்தால் முதலில் ‘பார்க்கிறேன்…’ என்று இருக்கும், சர்வர் பதில் சொன்ன பிறகுதான் நிறம் வரும். நெட் இல்லையென்றால் நிறமே வராது. நிமிடக் கணக்கும் போனின் கடிகாரத்தை நம்புவதில்லை, சர்வர் சொல்லும் நேரத்தை வைத்தே போடுகிறோம். வழியில் எந்த இடைச் சேமிப்பும் (கேஷ்) பழைய பதிலை வைத்துக்கொண்டு தரக்கூடாது என்ற குறிப்பையும் ஒவ்வொரு பதிலோடும் அனுப்புகிறோம்.

வெப்சாக்கெட் (சர்வரும் போனும் விடாமல் இணைப்பில் இருக்கும் முறை) போட்டால் உடனுக்குடன் போய்ச் சேருமே என்று கேட்கலாம். யோசித்தோம். எங்கள் தாமதம் கம்பியில் இல்லை, பஞ்சர் கடை அண்ணனின் கிரீஸ் கையில் இருந்தது. அதனால் விட்டுவிட்டோம்.

அந்தக் கையை விடுவிப்பதுதான் நாலாவது மாற்றம். கடைப் பலகையின் ஓரத்தில் மலிவான ப்ளூடூத் பொத்தான் ஒன்றை ஒட்டினோம், செல்ஃபி எடுக்க விற்கிறார்களே, அதே சாதனம். முழங்கையால் தட்டினாலும் ‘போட்டாச்சு’ என்று போகும். ‘தூக்கியாச்சு’ சொல்ல மட்டும் போனை எடுக்க வேண்டும். இதையும் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தோம். அக்கா திரும்ப வரவில்லை. அவருக்குப் பதில் பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி சேர்ந்தார்.

செப்டம்பர் கடைசியில் பக்கத்தை மறுபடி திறந்தோம்.

எதிர்பாராத புகார்

நவம்பரில் வந்த புகார் வேறு ரகம். முதல் வடிவத்திலிருந்தே, கேட் போட்டிருந்தால் ‘இந்தத் தெரு வழியாகப் போகலாம்’ என்று ஒரு குறுக்கு வழியையும் காட்டிவந்தோம். உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்த வழிதான். ஆனால் தெரிந்தவர்கள் மட்டும் போவது வேறு, போனில் பார்த்த எல்லோரும் ஒரே நேரத்தில் போவது வேறு. அந்தத் தெருவில் இருக்கும் ஒரு பெண்மணி ஜெராக்ஸ் கடைக்கு வந்து, “உங்களாலதான் எங்க வாசல்ல கோலம் போட முடியல, பசங்க வெளிய வர முடியல” என்றார். போய்ப் பார்த்தோம். அவர் சொன்னதில் மிகையில்லை. தண்ணீர் லாரி நிற்கும் நேரத்தில் இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் தெருவே அடைத்துக்கொள்கிறது. குறுக்கு வழியை அன்றைக்கே எடுத்துவிட்டோம். கேட்டின் நிலையைச் சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது, எப்படிப் போவது என்பது ஓட்டுபவரின் பாடு.

டிசம்பர்: மிக்ஜாம்

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. வடசென்னையில் பல இடங்களில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. மூன்று பேரும் தகவல் தர முடியவில்லை. பக்கம் நாள் கணக்கில் ‘தெரியவில்லை’ என்றே நின்றது. பழைய வடிவம் என்றால் கடைசியாக யாரோ அழுத்திய பச்சை, தண்ணீர் வடியும்வரை அப்படியே எரிந்துகொண்டிருந்திருக்கும்.

அதே நாட்களில் சுரங்கப்பாதை எங்கே நிரம்பியிருக்கிறது, எந்தத் தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்பதையும் போடச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். 2015 வெள்ளத்தின்போது தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை வைத்துச் சென்னையில் தண்ணீர் நின்ற தெருக்களைக் குறித்தது பலருக்கு நினைவிருந்தது. நாங்கள் செய்யவில்லை. ஒரு கேட்டுக்கே மூன்று ஆள் வைத்துத் திணறுகிறவர்கள், நூறு தெருவுக்குப் பொறுப்பேற்க முடியாது. இந்த முடிவில் எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

விளைவு

பக்கம் இப்போதும் ஓடுகிறது. நாளின் கணிசமான நேரம், முக்கியமாக இரவு கடைகள் சாத்திய பிறகு, ‘தெரியவில்லை’ என்றுதான் இருக்கும். அப்படி இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பயம் பலிக்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் இப்போது “கேட் போட்டாச்சா?” என்று ஒருவர் கேட்டால், போனைப் பார்ப்பவர் “தூக்கியாச்சு, ஆனா அஞ்சு நிமிசம் ஆச்சு, போட்டாலும் போட்டிருப்பான்” என்று பதில் சொல்கிறார். அந்த ‘ஆனா’ ஏப்ரலில் இல்லை.

பெரியவரின் நோட்டை வைத்து மேம்பாலம் கேட்டு மனு போடலாம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு கேட்டில் 24 மணி நேரத்தில் கடக்கும் ரயில்களையும் வாகன அலகுகளையும் பெருக்கி வரும் எண் ஒரு லட்சத்தைத் தாண்டுகிறதா என்பதை வைத்து ரயில்வே மேம்பாலத்துக்குச் செலவைப் பகிர்ந்துகொள்வது வழக்கமாக இருந்துவந்தது. எங்களிடம் வாகனக் கணக்கு இல்லை, கேட் போட்ட நேரம்தான் இருக்கிறது. இருந்தாலும் நோட்டின் நகலைக் குடியிருப்போர் சங்கத்திடம் கொடுத்திருக்கிறோம்.

மறுபடி செய்வதாக இருந்தால்

ஒரு வரி புரோகிராம் எழுதும் முன் அந்த நோட்டைப் போல ஒன்றை இரண்டு வாரம் எழுத வைப்போம். தகவல் தருபவரின் கை எப்போது ஓயும், எப்போது ஓயாது என்பதைக் கடையிலேயே நின்று பார்ப்போம். ஆயுசு இல்லாத நிலை எதையும் திரையில் காட்டமாட்டோம். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி போகிறவர்கள் இதை நம்ப வேண்டாம் என்ற வரி இப்போது பக்கத்தின் அடியில் இருக்கிறது; அதை முதல் நாளே, மேலே போட்டிருப்போம்.

இட்லிக் கடை அக்காவை முன்னாலேயே உட்கார வைத்துப் பேசியிருப்போம். தாமதமாக அழுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு நாங்கள் சொன்னதே இல்லை, எங்களுக்கே அது தெரியாது. கடைக்குப் போனால் இப்போதும் நன்றாகத்தான் பேசுகிறார். போனை மட்டும் கல்லாவுக்கு உள்ளே வைத்துவிடுகிறார்.